பந்து வராத இடத்தில் பதினோரு ஆண்டுகள்



இன்று நான் பேசப்போகிற மனிதர் ஒரே அணியில் பதினோரு பருவங்கள் இருந்தவர். அந்தப் பதினோரு பருவங்களில் அந்த அணி வென்றது 48 ஆட்டங்கள், தோற்றது 128. சாம்பியன் யார் என்று தீர்மானிக்கும் பிளேஆஃப் சுற்றுக்கு ஒரு தடவைகூட அது போகவில்லை. இருந்தும் 2023 ஆகஸ்டில் ஒஹாயோ மாநிலத்துக் கேன்டன் நகரில் இருக்கும் அமெரிக்கக் கால்பந்தின் ஹால் ஆஃப் ஃபேமில் அவரைச் சேர்த்தார்கள். தகுதி பெற்ற முதல் ஆண்டிலேயே சேர்த்தார்கள். பெயர் ஜோ தாமஸ். அணி கிளீவ்லாந்து பிரவுன்ஸ். வேலை, அஃபென்சிவ் லைன்மேன்.

அமெரிக்கக் கால்பந்தின் விதிப்புத்தகத்தைப் படித்துக்காட்டி உங்களை வதைக்கப்போவதில்லை. இன்றைய பேச்சுக்கு இவ்வளவு தெரிந்தால் போதும். ஒரு பக்கத்துக்குப் பதினோரு பேர். பந்து வைத்திருக்கும் அணியில் ஐந்து பேர் முன்வரிசையில் குனிந்து நிற்பார்கள். நடுவில் இருப்பவர் சென்டர், அவருக்கு இரு பக்கமும் கார்டு, கோடியில் டேக்கிள். சென்டர் தன் கால்களுக்கு இடையே பந்தைப் பின்னால் கொடுப்பார், அதுதான் ஸ்னாப். பின்னால் நிற்கும் குவாட்டர்பேக் அதை வாங்கி எறிவார், அல்லது ஓடுகிறவர் கையில் கொடுப்பார். சில விநாடிகளில் எல்லாம் முடிந்துவிடும். எழுந்து, திரும்ப வரிசையில் நின்று, மறுபடி ஸ்னாப்.

முன்வரிசை ஐவரின் வேலை, எதிரே இருந்து பாய்ந்து வருகிறவர்களைக் குவாட்டர்பேக்கிடம் போகவிடாமல் தடுப்பது, ஓடுகிறவருக்கு வழி திறப்பது. ஒவ்வொருவரும் 135, 140 கிலோ. சாதாரண நிலையில் முன்னோக்கி எறியப்படும் பந்தைப் பிடிக்க இவர்களுக்கு அனுமதி இல்லை. அதற்கென்றே 50 முதல் 79 வரையான எண்களைச் சட்டையில் போட்டுவிடுகிறார்கள். எதிராளியைப் பிடித்து இழுத்தால் அணி பத்து கெஜம் பின்னால் போகவேண்டும். ஸ்னாப்புக்கு முன் அசைந்தால் ஐந்து கெஜம். இரண்டுக்கும் நடுவர் ஒலிவாங்கியில் தவறு செய்தவரின் எண்ணைச் சொல்லித்தான் அறிவிப்பார். நம் ஊர்த் தேரோட்டத்தில் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவர் இருக்கிறார் அல்லவா? கூட்டம் முழுவதும் மேலே சாமியைப் பார்த்துக் கும்பிடும். அவர் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு கூடவே நடப்பார். தேர் ஒழுங்காக நிலைக்கு வந்தால் அவர் யாரென்றே யாரும் கேட்கமாட்டார்கள். லைன்மேன் பிழைப்பும் அப்படித்தான்.

ஜோ தாமஸ் லெஃப்ட் டேக்கிள். அதாவது இடது கோடி. வலக்கைக் குவாட்டர்பேக் பந்தை எறியத் திரும்பும்போது அவருடைய இடப்பக்கம் முதுகுப்பக்கமாகிவிடும். அங்கிருந்து வருகிறவன் அவர் கண்ணில் படமாட்டான். 1985 நவம்பர் 18 அன்று, திங்கள் இரவு நேரடி ஒளிபரப்பில், நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் லாரன்ஸ் டெய்லர் பாய்ந்து விழுந்ததில் வாஷிங்டன் குவாட்டர்பேக் ஜோ தைஸ்மனின் கால் எலும்பு முறிந்தது. அதன்பின் தைஸ்மன் ஆடவே இல்லை. மைக்கேல் லூயிஸ் 2006இல் எழுதிய புகழ்பெற்ற நூல் அந்தக் காட்சியில்தான் தொடங்குகிறது. லெஃப்ட் டேக்கிளின் மதிப்பு உயர்ந்த கதையை அவர் விறுவிறுப்பாகச் சொல்கிறார். ஆனால் பயம் மட்டும் சம்பளத்தை உயர்த்திவிடாது. 1993இல் ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் வேறு அணிக்குப் போகும் உரிமை முழுமையாகக் கிடைத்தது. அதன் பிறகுதான் இந்த இடத்துக்கு என்ன விலை என்பது வெளியே தெரிந்தது. 2011இல் தாமஸுக்கு ஏழு ஆண்டுகளுக்கு 8.4 கோடி டாலர் ஒப்பந்தம் கிடைத்தது என்றால், அதில் டெய்லருக்கு இருக்கும் பங்கைவிட, அந்த உரிமைக்காகப் போராடிய ஆட்டக்காரர் தொழிற்சங்கத்துக்கு இருக்கும் பங்கு பெரிது என்பது என் கணிப்பு.

தாமஸ் 1984இல் பிறந்தவர்; விஸ்கான்சின் மாநிலத்துக்காரர். படித்ததும் விஸ்கான்சின் பல்கலைக்கழகம். அங்கே மூன்றாம் ஆண்டு இறுதியில் ஒரு விபரீதம் நடந்தது. தற்காப்பு வரிசையில் பலர் காயப்பட்டிருந்ததால், 2006 ஜனவரியில் நடந்த ஓர் ஆட்டத்தில் இவரை அந்தப் பக்கம் ஆடச் சொன்னார்கள். முழங்கால் தசைநார் கிழிந்தது. நாட்டின் தலைசிறந்த லைன்மேனை வேறு வேலைக்கு அனுப்பிக் காயப்படுத்திய அந்த முடிவைப் பற்றி நான் அதிகம் சொல்லவேண்டியதில்லை. அவர் மறுபடி வந்து, அந்த ஆண்டே சிறந்த லைன்மேனுக்கான அவுட்லாண்ட் விருதையும் வாங்கினார்.

2007 ஏப்ரல் 28, ஆட்டக்காரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் நாள். நியூயார்க்குக்கு வரும்படி அழைப்பு இருந்தது. புதுக் கோட்டு மாட்டி, மேடையேறி, தொப்பி போட்டுப் படம் எடுத்துக்கொள்ளும் சடங்கு அது. தாமஸ் போகவில்லை. அப்பாவோடு மிச்சிகன் ஏரியில் படகில் மீன் பிடித்துக்கொண்டிருந்தார். மூன்றாவது ஆளாக அவரைப் பிரவுன்ஸ் எடுத்தது. அதே நாளில் நியூயார்க் அரங்கில் பிரேடி க்வின் என்ற குவாட்டர்பேக், கேமராக்கள் முகத்தையே காட்டிக்கொண்டிருக்க, மணிக்கணக்காகக் காத்திருந்தார். கடைசியில் 22ஆவது இடத்தில் அவரையும் பிரவுன்ஸே எடுத்தது. க்வின் கிளீவ்லாந்தில் மூன்று பருவங்கள் தாங்கினார். அன்று முதல் ஆளாக ஓக்லாண்ட் தேர்ந்தெடுத்த குவாட்டர்பேக் ஜமார்கஸ் ரசலின் கதையும் மூன்றே பருவத்தில் முடிந்தது.

அந்த செப்டம்பரில் தாமஸின் முதல் ஆட்டம், பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸுக்கு எதிராக. 34-7 என்று படுதோல்வி. தாமஸ் அன்று காத்துநின்ற குவாட்டர்பேக் சார்லி ஃப்ரை. அவரை ஆட்டத்தின் பாதியிலேயே வெளியே எடுத்தார்கள். இரண்டு நாளில் சியாட்டிலுக்கு அனுப்பியே விட்டார்கள். பதினோரு பருவமும் எப்படி இருக்கப்போகிறது என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. விசித்திரம் என்னவென்றால், அந்த முதல் பருவம்தான் இருப்பதிலேயே நல்ல பருவம்: 10 வெற்றி, 6 தோல்வி. அதற்குப்பிறகு அவர் இருந்தவரை எந்தப் பருவத்தின் முடிவிலும் வென்ற ஆட்டங்கள் தோற்றவற்றைவிட அதிகமாக இருக்கவில்லை.

தாமஸ் இருந்த காலத்தில் கிளீவ்லாந்தில் தலைமைப் பயிற்சியாளர்கள் ஆறு பேர். ஆட்டத்தைத் தொடங்கிய குவாட்டர்பேக்குகள் இருபது பேர். ஃப்ரை, டெரெக் ஆண்டர்சன், க்வின், ஜேக் டெலோம், கோல்ட் மெக்காய், பிராண்டன் வீடன், ஜானி மான்ஸெல் என்று பட்டியல் நீள்கிறது. இதைக் கிளீவ்லாந்தில் நகைச்சுவையாகச் சொல்வார்கள். எனக்கு இதில் தொழில் சார்ந்த ஒரு விஷயம் தெரிகிறது. அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல அனுமதியுங்கள்.

லெஃப்ட் டேக்கிள் தான் காப்பாற்றும் ஆளைப் பார்க்க முடியாது. முதுகு அவர் பக்கம். முகம் எதிரி பக்கம். ஸ்னாப் நடந்ததும் இடது காலைப் பின்னால் சரித்து, வலது காலால் தள்ளி, இடுப்பு உயராமல், பின்னோக்கிச் சாய்வாக நகர்கிறார். எதிரே வருகிறவன் முன்னோக்கி ஓடுகிறான். இவர் பின்னோக்கி நகர்ந்தே அவனுக்கு ஈடுகொடுக்கவேண்டும். கைகள் எதிராளியின் நெஞ்சில், உள்பக்கமாக, சரியான நொடியில் விழவேண்டும். முந்தினால் அவன் தட்டிவிட்டு நழுவுவான். பிந்தினால் அவன் கை இவர் நெஞ்சில் இருக்கும். இத்தனைக்கும் நடுவே, பின்னால் குவாட்டர்பேக் எந்த இடத்தில் நிற்கிறார், எவ்வளவு நேரம் பந்தை வைத்திருப்பார் என்பதைக் கண்ணால் காணாமலே தெரிந்து வைத்திருக்கவேண்டும். ஒருவர் ஏழு கெஜம் பின்னால் போய் நிலையாக நிற்பார். இன்னொருவர் பயந்து இன்னும் பின்வாங்குவார். மான்ஸெல் போன்றவர் திட்டத்தை விட்டுவிட்டு ஓடத் தொடங்கிவிடுவார். அப்போது நீங்கள் எதிரியைச் சரியாக வெளியே தள்ளிய இடத்துக்கே குவாட்டர்பேக் வந்து நிற்பார். ஒரே ஆளோடு பத்து ஆண்டு ஆடும் டேக்கிளுக்கு இந்தக் கணக்கு பழக்கத்தில் வந்துவிடும். தாமஸ் அதை இருபது தடவை புதிதாகப் படித்தார்.

எதிரே நின்றவர்களும் சாமானியர்கள் அல்லர். பிட்ஸ்பர்க்கின் ஜேம்ஸ் ஹாரிசனும் பால்டிமோரின் டெரல் சக்ஸும் ஒரே பிரிவு அணிகளில் இருந்ததால், ஆண்டுக்கு இரண்டு முறை அந்த அணிகளைச் சந்தித்தாக வேண்டும். ஹாரிசன் குள்ளம், ஆறடி. ஆறடி ஆறு அங்குலமுள்ள தாமஸின் நெஞ்சுக்குக் கீழே புகுந்து தூக்குவதுதான் அவர் உத்தி. உயரமான ஆளுக்கு இதைவிடத் தொல்லை வேறில்லை. தாமஸ் இதற்குக் கண்ட வழி, ஒரே மாதிரி ஆடாமல் இருப்பது. சில ஸ்னாப்பில் பொறுமையாகப் பின்னால் சரிவார். சில ஸ்னாப்பில் எதிராளி முதல் அடி வைப்பதற்குள் முன்னால் பாய்ந்து கையை வைத்துவிடுவார். எது வரும் என்று தெரியாமல் எதிராளி அரை நொடி தயங்குவான். அந்த அரை நொடி இவருக்குப் போதும்.

சரி, இதையெல்லாம் எப்படி அளப்பது? ஓடுகிறவருக்குக் கெஜக் கணக்கு உண்டு. எறிகிறவருக்குச் சதவீதம் உண்டு. குவாட்டர்பேக்கை வீழ்த்துகிறவருக்கு 1982 முதல் அதிகாரபூர்வக் கணக்கு வைக்கிறார்கள். வீழ்த்தவிடாமல் தடுத்தவருக்கு, ஆட்டங்களை நடத்தும் என்.எஃப்.எல். அமைப்பின் ஏட்டில் பத்தியே கிடையாது. பத்து முறை தொடர்ந்து புரோ பவுல், ஆறு முறை முதல்தர ஆல்-புரோ என்று நட்சத்திர அணிகளில் தாமஸ் பெற்ற இடங்கள் எல்லாம் பார்த்தவர்கள் போட்ட மதிப்பெண்கள். அவருக்கென்று உள்ள ஒரே எண் 10,363. முதல் நாளிலிருந்து தன் அணி பந்து வைத்திருந்த ஒவ்வொரு ஸ்னாப்புக்கும், ஒன்றைக்கூட விடாமல், களத்தில் நின்றிருக்கிறார். ஸ்னாப் கணக்கை 1999 முதல்தான் எடுக்கிறார்கள். அதற்கு முன் யாராவது இதைவிட அதிகம் நின்றிருக்கலாம். ஆனாலும் 167 ஆட்டங்கள், ஆட்டத்துக்குச் சராசரியாக 62 முறை இடித்துக்கொள்ளல் என்று போட்டுப் பார்த்தால் இது என்ன மாதிரியான எண் என்பது விளங்கும். வருகைப் பதிவேட்டின் எண் இது.

2015இல் டென்வர் அணி அவரை வாங்கிக்கொள்ளப் பேசியது. பேச்சு கடைசி நேரத்தில் முறிந்தது. அந்தப் பருவத்தில் டென்வர்தான் இறுதிப்போட்டியான சூப்பர் பவுலை வென்றது. தாமஸ் கிளீவ்லாந்திலேயே இருந்தார். அந்த அணி 3 ஆட்டம் வென்றது, அடுத்த ஆண்டு ஒன்று. 2017 அக்டோபர் 22 அன்று டென்னசி டைட்டன்ஸுக்கு எதிரான ஆட்டத்தில், ஓட்டத்துக்கு வழி திறக்கும் ஒரு சாதாரணத் தடுப்பில், இடது கையின் பின்பக்கத் தசைநார் கிழிந்தது. முதன்முறையாக அவர் இடத்தில் இன்னொருவர் போய் நின்றார். அந்தப் பருவம் பிரவுன்ஸ் 16 ஆட்டமும் தோற்றது. 2018 மார்ச்சில் தாமஸ் ஓய்வை அறிவித்தார். செப்டம்பரில் 10,363 என்ற அந்த எண்ணை அரங்கின் சுவரில் பொறித்தார்கள். அன்றைய ஆட்டத்தில் பிரவுன்ஸ், 635 நாட்களுக்குப் பிறகு, வென்றது என்பதைக் கிளீவ்லாந்துக்காரர்கள் பெருமையாகவும் கொஞ்சம் வெட்கத்தோடும் சொல்வார்கள்.

இங்கே நான் ஒரு கேள்வி கேட்கவேண்டியிருக்கிறது. அந்தப் பத்தாயிரத்துச் சொச்சத்தில், ஆட்டம் கைவிட்டுப்போன பிறகு, கடைசிக் கால்பகுதியில் முப்பது புள்ளி பின்தங்கியிருக்கும்போது நின்ற ஸ்னாப்புகள் எத்தனை? 128 தோல்வி கண்ட அணியில் அது சிறிய எண்ணாக இருக்க வாய்ப்பில்லை. அவராக வெளியே வரமாட்டார். அந்த வளர்ப்பு அப்படி. ஆனால் ஆறு பயிற்சியாளர்களில் ஒருவருக்காவது, இன்று போதும், உட்கார் என்று சொல்லத் தோன்றியிருக்கவேண்டாமா? விடாமல் நிற்பதைக் கொண்டாடும்போது, நிற்கவைத்தவர்களிடம் நாம் எதையும் கேட்பதில்லை.

இதை நான் குதர்க்கத்துக்காகக் கேட்கவில்லை. அதே விஸ்கான்சின் மாநிலம், அதே பல்கலைக்கழகம், அதே முன்வரிசையில் இருந்து முப்பது ஆண்டு முன்னால் போன இன்னொருவர் இருக்கிறார். மைக் வெப்ஸ்டர். பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியின் சென்டர். 1974 முதல் 15 பருவங்கள் அங்கே, பிறகு இரண்டு கேன்சஸ் சிட்டியில். மொத்தம் 245 ஆட்டங்கள். நான்கு சூப்பர் பவுல் வென்றவர். பனி கொட்டும் குளிரிலும் கைகளை மூடாமல் நிற்பார். இரும்பு மைக் என்றே கூப்பிட்டார்கள்.

சென்டரின் வேலையில் ஒரு கொடுமை உண்டு. பந்தைப் பின்னால் கொடுத்துக்கொண்டே, அதே கணம், தலையை நிமிர்த்தி எதிராளியின் இடியை வாங்கவேண்டும். வெப்ஸ்டர் வந்த காலத்தில் எதிராளி உள்ளங்கையால் ஹெல்மெட்டில் ஓங்கி அறைவது விதிப்படி சரி. 1977இல்தான் அதைத் தடை செய்தார்கள். லைன்மேன் கையை நீட்டித் திறந்த உள்ளங்கையால் தடுக்கலாம் என்ற விதி 1978இல் வந்தது. அதுவரை கையை நெஞ்சோடு மடக்கி வைத்து, தோளாலும் தலையாலும் முட்டிக்கொண்டிருந்தார்கள். ஆட்டத்தில் மட்டுமா? வாரம் முழுக்கப் பயிற்சியிலும் அதே முட்டல். ஒருவேளை ஒவ்வொன்றும் சின்ன இடிதான். மயக்கம் போட்டு விழுகிற இடி அல்ல. மருத்துவ ஏட்டில் எதுவுமே பதிவாகாத இடி.

ஓய்வுக்குப் பிறகு வெப்ஸ்டர் சிதைந்துபோனார். ஞாபகம் தடுமாறியது, கையிலிருந்த பணம் போனது, சில காலம் தன் வண்டியிலேயே படுத்துத் தூங்கினார். தூக்கம் வருவதற்காகத் தன் உடம்பில் தானே மின்னதிர்ச்சி கொடுத்துக்கொண்டார். 1997இல் கேன்டனில் அதே ஹால் ஆஃப் ஃபேமில் அவரைச் சேர்த்தபோது மேடையில் பேச்சு கோர்வையாக வரவில்லை. 2002 செப்டம்பரில் இறந்தார். வயது 50.

பிட்ஸ்பர்க்கில் பிரேதப் பரிசோதனை செய்தவர் நைஜீரியாவில் பிறந்த மருத்துவர் பென்னட் ஒமாலு. அமெரிக்கக் கால்பந்து அவருக்குத் தெரியாது. வெப்ஸ்டர் யாரென்றும் தெரியாது. மூளை வெளிப்பார்வைக்கு ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனாலும் அதைப் பதப்படுத்தி, மெல்லிய சீவல்களாக்கி, நுண்ணோக்கியில் பார்த்தார். டௌ என்ற புரதம் திட்டுத்திட்டாகப் படிந்திருந்தது. தலையில் படும் அடிகளோடு தொடர்புள்ள மூளை நோய் இது என்று 2005இல் கட்டுரை வெளியிட்டார். என்.எஃப்.எல். நியமித்த குழுவின் மருத்துவர்கள் அதைத் திரும்பப் பெறச் சொல்லி இதழாசிரியருக்கு எழுதினார்கள். வில் ஸ்மித் நடித்து 2015இல் படமாக வந்த கதை இதுதான். இன்னொரு செய்தியைச் சொல்கிறேன். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. ஒமாலு சீவலைப் பார்ப்பதற்கு முன்பே, 1999இல், ஆட்டக்காரர் ஓய்வூதிய வாரியம் வெப்ஸ்டருடைய இயலாமைக்குக் களத்தில் தலையில் பட்ட அடிகளே காரணம் என்று ஏற்றுக்கொண்டிருந்தது. சண்டை, எந்தத் தேதியிலிருந்து பணம் தருவது என்பதில். அவர் இறந்து நான்கு ஆண்டு கழித்து, 2006 டிசம்பரில், மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் குடும்பத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பத்து லட்சம் டாலருக்கும் மேல். ஆட்டத்துக்கும் இந்த மூளை நோய்க்கும் தொடர்பு உண்டு என்று என்.எஃப்.எல். அதிகாரி ஒருவர் வெளிப்படையாக ஒப்புக்கொண்டதோ 2016 மார்ச்சில்.

2017க்கு வருகிறேன். ஜூலை 25 அன்று பாஸ்டன் பல்கலைக்கழகத்தார் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முன்னாள் என்.எஃப்.எல். ஆட்டக்காரர்கள் 111 பேரின் மூளைகளில் 110இல் அந்த நோய். இந்த எண்ணைப் பார்த்துப் பதறுவதற்கு முன் ஒன்றைச் சொல்லவேண்டும்: நோய் இருக்கும் என்று சந்தேகப்பட்ட குடும்பங்களே பெரும்பாலும் மூளையைத் தானம் தருகின்றன. எனவே எல்லா ஆட்டக்காரர்களுக்கும் இந்த விகிதம் பொருந்தாது. பொருந்தாவிட்டாலும், இரண்டே நாளில் பால்டிமோர் அணியின் கார்டு ஜான் உர்ஷல் 26 வயதில் ஆட்டத்தை விட்டார். எம்.ஐ.டி.யில் கணிதத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டே ஆடியவர் அவர். பட்டத்தை 2021இல் முடித்தார். அவர் இழந்தது பெரும் சம்பளம். எதைக் காப்பாற்றிக்கொள்கிறோம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அதே 2017இல் தாமஸும் ஒரு பேட்டியில் தனக்கு ஞாபக மறதி வந்திருப்பதாகவும், ஆட்டம் காரணமாக இருக்கலாம் என்றும் சாதாரணமாகச் சொன்னார். 33 வயதில் அவர் விலகியதற்குத் தசைநார் மட்டும் காரணமில்லை, முழங்கால் தேய்ந்துபோயிருந்தது. விலகிய சில மாதங்களில் இருபது கிலோவுக்கு மேல் குறைத்தார். அடுத்தடுத்து வந்த படங்களைப் பார்த்தவர்கள் வேறு ஆள் என்று நினைத்தார்கள். அந்த உடம்பு அவருடையது அல்லவே, வேலைக்காக வளர்த்தது. பசி இல்லாதபோதும் சாப்பிட்டு, படுக்கப்போகும் முன்னும் சாப்பிட்டுக் கட்டிக்காத்த எடை. வேலை போனதும் அதை இறக்கிவைத்தார்.

வெப்ஸ்டரும் தாமஸும் குணத்தில் வேறுபட்டவர்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. இருவருமே யாரும் சொல்லாமல் வெளியே வராத ஆட்கள். வேறுபாடு சுற்றி இருந்தவற்றில் இருக்கிறது. தாமஸ் காலத்தில் கை நீட்டும் விதி இருந்தது, தலையில் அறையத் தடை இருந்தது, எப்போது போதும் என்று முடிவெடுக்கக் கையில் பணம் இருந்தது. 2011இல் என்.எஃப்.எல். அமைப்போடு போட்ட பொது ஒப்பந்தத்தில் ஆட்டக்காரர் சங்கம் வாங்கித்தந்த இன்னொன்று, கவசம் அணிந்து முட்டிக்கொள்ளும் பயிற்சி ஒரு பருவத்துக்குப் பதினான்கு முறைதான் என்ற வரம்பு. கண்டுபிடிப்புகளைப் பற்றிப் படம் எடுக்கிறார்கள். இந்தப் பதினான்கைப் பற்றி யாரும் எடுக்கமாட்டார்கள். லைன்மேனின் தலையை அதிகம் காப்பாற்றியது அதுதான் என்று நினைக்கிறேன்.

2022இல், பருவத்துக்கு முந்தைய பயிற்சி முகாம்களில் லைன்மேன்கள் ஹெல்மெட்டின் மேல் பஞ்சுபோன்ற ஓர் உறையை அணிவதைக் கட்டாயமாக்கினார்கள். 2024இல் ஆட்டங்களிலும் அணியலாம் என்று அனுமதித்தார்கள். பார்க்க அழகாக இல்லை, தொலைக்காட்சியில் தலை பூதாகரமாகத் தெரிகிறது. விரும்பினால் மட்டும் அணியலாம் என்று விட்டதால், ஆட்ட நாளில் அணிந்து வந்தவர்கள் சிலர்தான்.